கியர் போச்சு என்றது தெரு

எங்கள் தெருவில் காருக்கு ஒரே ஒரு நோய்தான் உண்டு. கியர் போச்சு. வண்டி கிளம்பவில்லையா, கியர் போச்சு. புகை வருகிறதா, கியர் போச்சு. ஒரு தடவை ஹார்ன் அடிக்காமல் மக்கர் செய்தபோதுகூட, எதிர்வீட்டுத் தறிக்காரர் பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்து, "கேர் போயிருக்கும்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தெருவுக்கே ஒரு கார்தான், அதுவும் எங்கள் கார். பாவில் எந்த இழை அறுந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சொல்லிவிடுகிற ஜனங்களுக்குக் காரில் என்ன அறுந்தது என்று மட்டும் தெரியாது. தெரியாது என்று சொல்கிற வழக்கமும் அங்கே கிடையாது.

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் அந்தத் தெரு. வீட்டுக்கு வீடு தறி. என் வீட்டுக்காரரும் பட்டுத் தறியிலேயே வளர்ந்தவர்தான். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தே பாதி வயசைக் கழித்தவர், 1970களின் தொடக்கத்தில் ஒரு நாள் குழியைவிட்டு எழுந்து, "உட்கார்ந்து செய்யற வேலைதான் நமக்கு விதின்னா, உட்கார்ந்துக்கினே ஊரையாவது பார்க்கலாமே" என்றார். தறியை அண்ணனிடம் விட்டுவிட்டு ஒரு பழைய கறுப்புக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கல்யாண வாடகை, புடவை எடுக்க வருகிறவர்களைக் கூட்டிப் போகிற வாடகை, திருப்பதி வாடகை. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி அது. தினம் காலையில் அதற்குக் குளியல், சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. எனக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் பூ. இதை நான் அவரிடம் சொல்லாமல் விட்டதில்லை.

நான் பிறந்த ஊர் ஓரிக்கையைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் ஒரு சின்ன கிராமம். எங்கள் வீட்டில் விவசாயம். அண்ணன், அண்ணி, அவர்களோடு என் அம்மா. அந்த ஊருக்கு பஸ் என்று ஒன்று உண்டு, ஆனால் அது வரும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஒரு சமயம் அம்மாவுக்குக் கடுமையான ஜுரம் என்று சேதி வந்தது. இவர் கல்யாண வாடகைக்கு வேலூர் போயிருந்தார். பஸ் வரவில்லை. மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது ஜுரம் விட்டு, அம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை இறக்கி வைத்துவிட்டு, "நேத்தே வரணும்னு தோணலையாம்மா உனக்கு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பதிலுக்குச் சொல்லி மறந்திருப்பேன். அவள் சும்மா கேட்டாள். அது எனக்குள் தைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இவரிடம், "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுங்க" என்றேன்.

இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு, "நெசமாவா கேக்கற?" என்றார். நெசமாகத்தான் கேட்டேன். வாடகை இல்லாத நாளில் வண்டி சும்மாதான் நிற்கிறது. அம்மாவைப் பார்க்கத் தோன்றினால் கிளம்பி, பார்த்து, உலை வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடலாம். யாரையும் கெஞ்ச வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

விடிகாலையில் ஆற்றங்கரைப் பக்கம் காலி ரோட்டில் பாடம் நடந்தது. நான் குள்ளம். முதுகுக்குப் பின்னால் தலைகாணி வைத்தால்தான் கிளட்ச்சுக்குக் கால் எட்டும். எட்டி மிதித்துவிட்டால் படக்கென்று விட்டுவிடுவேன், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்துபோகும். மறுபடி கிளப்புவேன், மறுபடி அணையும். கோயில் யானைகூட இத்தனை இடத்தில் நின்று நின்று போகாது என்பார் இவர். கிளட்ச்சை முழுசாக மிதிக்காமல் கியர் போட்டால் தேங்காய் துருவுகிற மாதிரி கரகரவென்று சத்தம் வரும். அப்போதெல்லாம் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், அங்கே துருவுகிற மாதிரி.

தெருவுக்கு என்னால் நல்ல பொழுதுபோக்கு. வண்டி தெருமுனையில் அணைந்தால் தறிச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நிற்கும், ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் தெரியும். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அக்கா ஒருத்தி. அவள் மட்டும் "போனீ அக்கா, போனீ" என்பாள், விடு விடு என்று. வயசில் என்னைவிட மூத்தவள் என்னை அக்கா என்பது கிண்டலா மரியாதையா என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

எப்படியோ லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பரீட்சை வைத்த அதிகாரி என்னைவிட அதிகம் பயந்திருந்தார், அதனால் சீக்கிரம் முடித்து அனுப்பிவிட்டார். அன்று சாயந்திரம் வாசலில் வைத்து, எதிர்வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு அக்காவும் கேட்க, இவர் சொன்னார். "இன்னாம்மா, லைசென்சு வந்துடுச்சு, சந்தோசம். ஒரே ஒரு பேச்சு. நீ கியர் போடற அழகுல என்னிக்காவது கியர் பாக்ஸ் போச்சுன்னா, அன்னியோட உனக்குப் பின் சீட்டுதான். சம்மதமா?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சம்மதம் என்றேன். என் வாய் எனக்கு எப்போதும் விரோதி.

வைகாசியில் கருட சேவை வந்தது. வெளியூர்க் குடும்பம் ஒன்றை சேவிக்கக் கூட்டிப்போக இவர் கிளம்ப, நானும் முன் சீட்டில் தொற்றிக்கொண்டேன். ஜனக்கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். முன்னால் பெருமாள், அவருக்குப் பின்னால் ஊரே, ஊருக்குப் பின்னால் எங்கள் வண்டி. ஓரங்கட்டி நிறுத்தலாம், சந்தில் திரும்பலாம். பெருமாளுக்கு முதுகு காட்டுவதா என்று இவர் பிடிவாதமாக அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் வண்டிக்குள் ஒரு வாசனை வந்தது. இவர் ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாம்பிராணி எப்படி கமகமங்குது பாரு."

"இன்னாங்க இது, சாம்பிராணியில ரப்பர் கருகற வாசனை அடிக்குது?"

"சாமி விசயத்துல வாயை வெக்காதே."

பின்னால் இருந்த குடும்பமும் கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுத்தது. நான் வாயை வைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கக் கிளம்பினோம். இவர் ஓட்டினார். ஓரிக்கை வரைக்கும் ஒன்றுமில்லை. ஊருக்கு முன்னால் ஆற்றங்கரை மேடு ஒன்று உண்டு, அதில் ஏறி இறங்கினால் எங்கள் வீட்டுப் புளியமரம் தெரியும். மேட்டில் பாதி ஏறியதும் இன்ஜின் ஓவென்று கத்த ஆரம்பித்தது. கத்தியதே தவிர வண்டி நகரவில்லை. இவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க சத்தம் ஏறியது, வண்டி தளர்ந்து நின்றேவிட்டது. நான் இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தேன். பிறகு அப்படியே பின்னால் உருட்டி இறக்கி, திருப்பி, சமதளத்தில் மெள்ள மெள்ள வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். சமதளத்தில் ஓடத்தான் செய்தது.

வாசலில் இறங்கியதும் இவர் என்னைப் பார்த்தார். கவலையாகத்தான் இருந்தது முகம், ஆனால் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு. "போச்சு. கியர் பாக்ஸ் போச்சு. பேச்சு ஞாபகம் இருக்குதில்ல?"

ஞாபகம் இருந்தது. சமையலறைக்குள் போய்ச் சும்மாவேனும் ஒரு சொம்பைக் கழுவினேன். அழுகை வந்தது. ஒரு காருக்காகவா அழுகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். காருக்காக இல்லை. இனிமேல் அம்மாவுக்கு ஜுரம் என்றால் நான் மறுபடியும் வராத பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், மறுபடியும் மறுநாள் போய் நிற்க வேண்டும்.

மறுநாள் காலையில் தெரு கூடிவிட்டது. மெக்கானிக்கும் வந்தார். ரொம்ப நல்ல மனுஷர், யார் என்ன சொன்னாலும் "ஆமாங்கண்ணா" என்பார். கியர் பாக்ஸ் என்றார் இவர். ஆமாங்கண்ணா. பெட்ரோல் அடைப்பு என்றார் ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர். அதுவும்தாங்கண்ணா. பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்றார் சைக்கிள் கடைக்காரர். இருக்கும்ண்ணா, இருக்கும். கடைசியில் எதிர்வீட்டுக்காரர் கஞ்சிக் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா போடற கேர் சத்தம் என் தறி வரைக்கும் கேக்குமே" என்றார். அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கியர் பெட்டியை இறக்கிவிடலாம் என்று மெக்கானிக் ஸ்பானரை எடுத்தார்.

"இருங்க" என்றேன்.

வண்டி வந்த நாளிலிருந்து, மற்ற வீடுகளில் சோற்றோடு குழம்பு போடுவார்கள் என்றால் எங்கள் வீட்டில் காரின் நோய்களைப் போடுவார்கள். எந்த மேட்டில் எப்படிச் செருமியது, எந்தச் சக்கரம் சுட்டது, எல்லாம் எனக்குப் பாடம். அவர் சொல்லிச் சொல்லி எனக்குத் தெரிந்ததையே அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

"பெட்ரோல் வரலேன்னா இன்ஜினு விக்கும், குரல் அடங்கிப்போவும். இது கத்துச்சு. நேத்து மேட்டுல கத்தின சத்தம் எங்கம்மா வீட்டுக்கே கேட்டிருக்கும். அப்ப பெட்ரோல் இல்ல." ரேடியோக்காரர் தலையைச் சொறிந்தார். "பிரேக் புடிச்சிருந்தா தள்ளினா நகராது. தள்ளிப் பாருங்க." சைக்கிள் கடைக்காரர் வண்டியை நியூட்ரலில் போடச் சொல்லி ஒரு தள்ளு தள்ளினார். வண்டி தொட்டில் மாதிரி நகர்ந்தது. அவரே ஓடிப்போய் நிறுத்த வேண்டியதாயிற்று.

"கியர் போயிருந்தா, ஏதாவது ஒரு கியர்ல சத்தம் வரும், இல்ல போட்ட கியர் தானா கழண்டுக்கினு வரும், இல்ல விழவே விழாது. போட்டுப் பாருங்க." இவர் ஏறி இன்ஜினைக் கிளப்பி ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வெண்ணெயில் கரண்டி இறங்குகிற மாதிரி விழுந்தது, ஒரு முனகல் இல்லை.

"நீ போட்டா மட்டும்தான் சத்தம் வருது" என்றார் இவர்.

"அது என் கைராசி. இப்ப இறங்குங்க, நான் ஒண்ணு செய்யறேன்."

எனக்கு அப்போதுதான் தோன்றியிருந்தது. காரை ஓட்டுவதில் நான் எப்படியோ, காரை அணைப்பதில் அந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தலைகாணியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். சக்கரத்துக்கு முன்னால் கல் வைக்கச் சொன்னேன். எல்லோரையும் ஓரமாகப் போகச் சொன்னேன், சொல்வதற்கு முன்பே போயிருந்தார்கள். கிளட்ச்சை மிதித்து, டாப் கியரைப் போட்டு, என் வழக்கப்படி படக்கென்று காலை எடுத்தேன்.

எப்போதும் என்ன ஆகும்? ஒரு குலுக்கு, அணைந்துபோகும். அன்றைக்கு அணையவில்லை. கியர் விழுந்திருக்கிறது, கிளட்ச்சிலிருந்து கால் எடுத்தாயிற்று, பிரேக் பிடித்திருக்கிறது, ஆனாலும் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தேன். கத்தியது. கூடவே அந்த வாசனை வந்தது.

"பெருமாள் எழுந்தருளிட்டாரு போல" என்றேன். "சாம்பிராணி கமகமங்குது பாருங்க."

இவர் மூக்கை உறிஞ்சினார். முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "போனீ அக்கா" என்றாள், அன்றைக்கு அது கிண்டல் இல்லை.

"கிளட்ச் வழுக்குதுங்கண்ணா" என்றார் மெக்கானிக். "நான் அப்பவே நினைச்சேன்."

கழற்றிப் பார்த்தபோது கியர் பெட்டி பளிச்சென்று இருந்தது. கிளட்ச் பிளேட்டுதான் தேய்ந்து வழவழவென்று, பழைய செருப்பின் அடிப்பக்கம் மாதிரி வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன். இவர் விடுவாரா? "கியர் இல்லேன்னா இன்னா, கிளட்ச்சு. ரெண்டும் பங்காளிங்கதானே. கிளட்ச்சும் காலால மிதிக்கறதுதான், மிதிச்சது யாரு?"

மெக்கானிக்கும் சேர்ந்துகொண்டார். "கிளட்ச்சு மேலயே காலை வெச்சிக்கினு ஓட்டினா இப்படித்தாங்கண்ணா தேயும். லேசா அமுங்கினாக்கூட உள்ள முழுசாப் புடிக்காது."

எல்லார் பார்வையும் என் காலுக்குப் போனது. எனக்குத் தலைகாணி வைத்தால்தான் கிளட்ச்சே எட்டும், மிதித்த மறுநொடி கால் தானாகத் திரும்பி வந்துவிடும், அதன் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார நான் இன்னும் ஒரு சாண் வளர வேண்டும் என்றேன். சிரித்தார்கள், ஆனால் நம்பினார்களா என்று தெரியவில்லை. புது பிளேட்டு போட்டு மூடினார்கள். இவர் ஏறி உட்கார்ந்து கதவைத் திறந்தபடியே, இன்ஜின்கூடக் கிளப்பாமல், எதிர்வீட்டுக்காரரிடம் கிளட்ச்சை எப்படி மரியாதையாக நடத்த வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். பொம்பளைங்களுக்குக் கால் சும்மா இருக்காதுபா என்கிறார். நான் கீழே பார்த்தேன்.

"காலை எடுங்க" என்றேன்.

"எந்தக் காலை?"

அவருக்கே தெரியவில்லை. இடது கால் கிளட்ச் மேல் இருந்தது. சும்மாவும் இல்லை. லேசாக அமுக்குகிறது, விடுகிறது, அமுக்குகிறது, விடுகிறது. வாய் பாட்டுக்குப் பேசுகிறது, கால் பாட்டுக்கு வேலை செய்கிறது.

எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். குனிந்து பார்த்து, தொடையில் தட்டிக்கொண்டு, "அய்ய, தறி மிதிக்குதுபா இது" என்றார். அவருக்குத் தெரியாதா? அவர் காலும் அதே வேலையைத்தான் செய்கிறது. தறிக்குழிக்குள் இருக்கிற மிதிப்பலகையைவிட்டு நெசவுக்காரர் காலை எடுப்பதே கிடையாது. நெய்தாலும் சரி, வெற்றிலை போட்டாலும் சரி, விருந்தாளியோடு பேசினாலும் சரி, பாதம் பலகை மேல்தான். இவர் தறியைவிட்டு வந்துவிட்டார், கால் வரவில்லை. வேலூருக்கும் திருப்பதிக்கும் இத்தனை நாளாகப் புடவை நெய்துகொண்டே போய் வந்திருக்கிறார் மனுஷர்.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. இவர் சிரிக்கவில்லை. குனிந்து தன் காலை, வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. பாவமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது. அப்புறம் அவர் இறங்கி, வண்டியைச் சுற்றி நடந்து, மறுபக்கக் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"எங்க போவணும்?" என்றேன்.

"உங்கம்மாவைப் பார்க்கத்தானே நேத்து கிளம்பினோம்? ஓட்டு."

ஓரிக்கை தாண்டினேன். மேட்டுக்கு முன்னால் கியர் மாற்றும்போது தேங்காய் துருவினேன். இவர் கை நெஞ்சுக்குப் போனது, பாதியில் நின்று, மடிக்கே திரும்பியது. வண்டி கத்தாமல் கொள்ளாமல் ஏறியது. உச்சியில் புளியமரம் தெரிந்தது.

வண்டிச் சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே இவர் பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். வண்டியில் மாப்பிள்ளை எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் அவள் கண்ணில் படவேயில்லை. "வாங்க மாப்பிள்ளை. இந்த வெயில்ல, வேலையெல்லாம் விட்டுட்டு, இவளைக் கூட்டிக்கினு வந்தீங்களே."

எனக்குச் சுருக்கென்றது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, இன்ஜினைக்கூட அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"நான் எங்க அத்தை கூட்டிக்கினு வந்தேன்?" என்றார் இவர். "உங்க பொண்ணு என்னைக் கூட்டிக்கினு வந்துச்சு. நான் சும்மா காலை மடக்கிக்கினு வந்தேன்."

அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள், முதுகுக்குப் பின்னால் இருந்த தலைகாணியைப் பார்த்தாள். முன்பக்கமாகச் சுற்றி என் ஜன்னலுக்கு வந்து, சூடாக இருந்த கதவின் மேல் கையை வைத்தாள்.

"அப்ப இனிமே கூப்பிட்டா அன்னிக்கே வருவியா?"

"வருவேம்மா" என்றேன். சொல்லும்போது கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்துபோயிற்று. புது பிளேட்டு நன்றாகப் பிடித்திருந்தது.